எந்தத் தெரு?

அத்தியாயம் 11

போன வாரம் ராஜராஜன் "நம்ம புள்ள நம்ம வூட்டுக்கு வரட்டும்" என்று சொன்னதைப் படித்துவிட்டு, மனுஷன் திருந்திவிட்டான் என்று சந்தோஷப்பட்ட வாசகர்களுக்கு என் அனுதாபங்கள். அவன் மாதிரி ஆட்கள் திருந்துவதில்லை. அவர்களுக்கு ஒரு தேவை வரும், அவ்வளவுதான். அது என்ன தேவை என்று இந்த வாரம் தெரிந்துவிடும்.

புதிதாக வருகிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வினோதினிக்கு ஏழு வயதில் சுவாதி என்று ஒரே பெண். தா.பழூர் பக்கம், கணவனின் அண்ணன் ராஜராஜன் வீட்டுப் பின்கட்டில் குடித்தனம். கணவன் அறிவழகன் குடிப்பதைத் தவிர வேறு வேலை பார்த்ததாக ஊரில் யாருக்கும் ஞாபகம் இல்லை. போன ஐப்பசியில் அவன் தள்ளிவிட்டதில் வினோதினிக்குக் கால் முறிந்தது. அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் சுவாதி பள்ளிக்கூடம் விட்டு வந்து, பூட்டிய கதவுக்கு முன்னால் பசியோடு உட்கார்ந்திருப்பாள். அதைப் பார்த்த டீச்சர் ஒருவர்தான் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் போட்டார்.

அதிகாரிகள் வந்து முதலில் சொந்தக்காரர்களைத்தான் கேட்டார்கள். முன்கட்டில் மெத்தை வீடும் எட்டு ஏக்கர் நஞ்சையுமாக இருந்த பெரியப்பாவைக் கேட்டார்கள். "குடிகாரன் புள்ளைய வெச்சுக்கிட்டு நா ஏன் சார் அவஸ்தப்படணும்?" என்றான் ராஜராஜன். அப்படித்தான் சுவாதி அரியலூரில் ஒரு வளர்ப்புக் குடும்பத்துக்குப் போனாள். கலைமணி ஆலத்தியூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலையில் எலக்ட்ரீஷியன். அவர் மனைவி ஜோதி வீட்டிலேயே தையல் கடை வைத்திருக்கிறாள்.

இது தத்து இல்லை. பிள்ளை பெற்றவளுடையதுதான். கொஞ்ச காலம் வேறு வீட்டில் வளரும். பெற்றவள் போய்ப் பார்க்கலாம், குடும்பம் சரியானதும் திரும்பக் கூட்டிக்கொண்டு வரலாம். இந்தச் சின்ன விஷயம் ஊரில் ஒருத்தர் மண்டையிலும் ஏறவில்லை. "புள்ளைய கவர்மெண்டுக்கு எழுதிக் குடுத்துட்டா" என்று வினோதினியின் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள்.

அதற்காக வினோதினியை நினைத்து யாரும் உருக வேண்டாம். முதல் சந்திப்பிலேயே ஜோதியிடம் "நீங்க எந்தத் தெரு?" என்று கேட்டவள் அவள். எங்கள் பக்கத்தில் விலாசம் தெரிந்துகொள்வதற்காக யாரும் அப்படிக் கேட்பதில்லை. ஜோதி ஒளிக்காமல் பதில் சொன்னாள். சொன்ன உடனே, ஜோதி கொடுத்த தண்ணீர் பாட்டிலைத் திறக்காமலே திருப்பிக் கொடுத்தாள் வினோதினி. அவளுடைய சொந்த அக்கா வெற்றிச்செல்வியே "அந்தத் தெரு"ப் பையனைக் கட்டிக்கொண்டு பெரம்பலூரில்தான் இருக்கிறாள். கல்யாணமான புதிதில் தங்கையைப் பார்க்க வந்த அவளை வாசலோடு நிறுத்தி அனுப்பிய மகராசியும் இதே வினோதினிதான்.

இனி, அந்தச் சனிக்கிழமை.

*

ராஜராஜன் கார் பேசியிருந்தான். வெள்ளைச் சட்டையும் கரை வேட்டியும் சென்ட் வாசனையுமாக முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தான். அறிவழகனை எழுப்பவில்லை. "அவன் வந்தா மானம் போயிரும்" என்றான். தம்பி வராமல் இருந்தால் மானம் இருக்கிறது என்று அவன் நினைத்ததே பெரிய நம்பிக்கைதான்.

பின் சீட்டில் வினோதினிக்குப் பக்கத்தில் ஒரு துணிப்பை இருந்தது. புது கவுன், துண்டு, மஞ்சள்தூள் பொட்டலம்.

"இதெல்லாம் எதுக்கு மாமா?"

"ஆபீஸ் வேல முடிஞ்சதும் நேரா திருமழபாடி. கொள்ளிடத்துல புள்ளைக்கு ஒரு முழுக்கு. மொட்டைக்கு ஆள் சொல்லி வெச்சிருக்கேன். அப்புறந்தான் வூடு."

"மொட்ட எதுக்கு?"

"கேக்குறா பாரு. இத்தன நாளு எந்த வூட்டுல என்னத்தத் தின்னுச்சோ. அப்புடியே கொண்டாந்து நடுவூட்டுல வுட முடியுமா?"

வினோதினிக்கு அது தப்பாகப் படவில்லை. முடிதானே, வளர்ந்துவிடும் என்று நினைத்தாள். ராத்திரி பிள்ளை பக்கத்தில் படுத்திருப்பாள் என்ற ஒரே நினைப்பில் அவளுக்கு வேறு எதுவும் உறைக்கவில்லை.

ஜெயங்கொண்டம் தாண்டியதும் ராஜராஜனின் போன் அடித்தது. உடையார்பாளையத்துச் சம்பந்தி. ஆவணியில் ராஜராஜனின் மகளுக்கு நிச்சயம்.

"சொல்லுங்க சம்பந்தி. ஆமா, இன்னைக்கோட முடிஞ்சுது. கூட்டியாரத்தான் போய்க்கிட்டிருக்கேன். சேச்சே, குளிப்பாட்டாம வூட்டுக்குள்ள வுடுவமா? நீங்க அத மனசுலயே வெச்சுக்காதீங்க. நாளைக்கு உங்க சனம் வந்து கேட்டா, புள்ள எங்க வூட்லதான் இருக்குன்னு கண்ணால பாத்துட்டுப் போகட்டும்." கொஞ்சம் கேட்டுவிட்டுச் சிரித்தான். "அட, எங்க காலம்பூராவா வெச்சுக்கப் போறேன்? நிச்சயம் முடியட்டும். அப்புறம் எங்கயாச்சும் ஆஸ்டல்ல தள்ளி வுட்டுர்றது."

போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஏசியைக் கூட்டச் சொன்னான். பின் சீட்டில் இருக்கிறவளுக்கும் காது உண்டு என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை.

வினோதினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அவளுக்குத் தொண்டை வறண்டது. தண்ணீர் பாட்டில் முன் சீட்டில் இருந்தது. கேட்கப் பிடிக்கவில்லை.

*

அரியலூர் கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில்தான் குழந்தைகள் நலக் குழு கூடும். வராந்தாவில் ஜோதி உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. ராஜராஜன் அந்த நாற்காலியைப் பார்த்தான், ஜோதியைப் பார்த்தான், போய்த் தூணில் சாய்ந்துகொண்டான். முட்டிவலிக்காரன். கூப்பிடும்வரை இந்தக் காலும் அந்தக் காலுமாக மாற்றி மாற்றி நின்று தன் குலப்பெருமையைக் காப்பாற்றினான்.

"அம்மா!"

சுவாதி ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். தலையில் இரண்டு சடை. எலிவால் மாதிரிதான் இருந்தது, ஆனாலும் சடை. முனையில் சிவப்பு ரிப்பன். பேனுக்குப் பயந்து வினோதினி எப்போதும் ஒட்ட வெட்டித்தான் விடுவாள். மகள் தலையில் ரிப்பன் கட்டி அவள் பார்த்ததே இல்லை.

"பாத்தியாம்மா? ஜோதிம்மா தெனம் எண்ண வெச்சு வாருவாங்க. வலிக்கவே வலிக்காது. அடுத்த பொங்கலுக்கு இதுவரைக்கும் வந்துருமாம்." தோளுக்குக் கீழே ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினாள்.

ஜோதிம்மா. அந்த "ம்மா" வினோதினிக்குச் சுருக்கென்று குத்தியது. போன தடவையும் குத்தியது. குத்துவது பழகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

முதுகில் பள்ளிக்கூடப் பை தொங்கிக்கொண்டிருந்தது. "சனிக்கிழம எதுக்குடி பை?" என்று கேட்டாள்.

ஜோதிதான் எழுந்து வந்து, பிள்ளையைக் குழாயில் கை கழுவி வரச் சொல்லிவிட்டு, மெதுவாகப் பேசினாள்.

"ஒண்ணு சொன்னாக் கோச்சுக்கக் கூடாதுங்க. போன தடவ வந்தப்ப, அடுத்த தடவ கூட்டிட்டுப் போயிடுவேன்னு சொல்லிட்டுப் போனீங்க. அன்னையிலேருந்து பைய அவுக்கவே மாட்டேங்குது. துணி, பிரஷ்ஷு, சீப்பு எல்லாம் அதுக்குள்ளதான். தலமாட்டுல வெச்சுட்டுத்தான் படுக்குது. கூட்டிட்டுப் போறது நெசமா இருந்தா சொல்லுங்க. இல்லாட்டி அடுத்து எப்ப வருவீங்கன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க. புள்ளைக்கு அது போதும்."

"எம் பொண்ணுகிட்ட எப்புடிப் பேசணும்னு நீ எனக்குச் சொல்லித் தரியா?"

"உங்க பொண்ணுதாங்க. அதான் உங்ககிட்ட சொல்றேன்."

ஜோதி போய் உட்கார்ந்துகொண்டாள். இந்தத் தடவை தண்ணீர் பாட்டிலை நீட்டவில்லை. ஒரு தரம் பட்டது போதும் என்று நினைத்திருப்பாள், அதில் தப்பு சொல்ல முடியாது.

குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர் சத்யப்பிரியா கோப்புகளோடு வந்தாள். சின்ன வயதுதான், ஆனால் அந்த ஆபீசில் எல்லோருடைய சண்டைக்கும் நடுவில் நின்று நின்று முகத்தில் அயர்ச்சி ஏறியிருந்தது. வினோதினியைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அக்கா, பெரியப்பா புள்ளையக் கேட்டு மனு போட்டிருக்காரு. சொந்தத்துல ஆள் இருந்தா அங்க வுடறதுதான் வழக்கம். ஆனா உங்களையும் கேப்பாங்க. போன ரெண்டு தடவயும் நீங்க தலையக் குனிஞ்சுக்கிட்டே நின்னீங்க. நீங்க ஒண்ணும் சொல்லலைன்னா, அவரு சொல்றதுதான் உங்க இஷ்டம்னு ஆயிடும். பெத்தவ உரிமை உங்களோடதுதான். அது எங்கயும் போயிடல. வாயத் தொறங்க."

"சரிங்க மேடம்" என்றாள் வினோதினி, தலையைக் குனிந்துகொண்டே.

*

குழுவின் தலைவர் சுந்தராம்பாள் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. ராஜராஜன் அவரைப் பற்றி ஏற்கனவே நாலு பேரிடம் விசாரித்து வைத்திருந்தான். எந்த ஊர், எந்தக் குடும்பம் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். "நம்ம ஆளுதான்" என்று காரில் வரும்போதே டிரைவரிடம் சொல்லியிருந்தான். அந்த ஒரு தெம்பில்தான் உள்ளே நுழைந்து, கேட்காமலே உட்கார்ந்தான்.

"ஐப்பசியில கேட்டப்ப முடியாதுன்னு சொல்லிட்டீங்களே?" என்றார் சுந்தராம்பாள்.

"அப்ப சூழ்நில சரியில்லீங்கம்மா."

"இப்ப என்ன மாறிடுச்சு? உங்க தம்பி குடிய வுட்டுட்டாரா?"

"அது நடந்துக்கிட்டிருக்குங்க. புள்ள எங்க ரத்தமுங்கம்மா. ராணி மாதிரி வெச்சுக்குவோம். கார் கூட ரெடியா வெளிய நிக்குது. இங்கேருந்து நேரா திருமழபாடி போயி, முழுக்குப் போட்டு, மொட்ட அடிச்சுத்தான் வூட்டுக்கே அழைச்சுட்டுப் போறோம். நீங்க அதப் பத்திக் கவலையே படாதீங்க."

"வேண்டுதலா?"

கொஞ்சம் மூளை இருந்திருந்தால் "ஆமாங்க" என்று சொல்லிவிட்டு எழுந்திருப்பான். பிள்ளைக்கு மொட்டை போடுவதை யார் கேள்வி கேட்கப் போகிறார்கள்? ஆனால் ராஜராஜன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினான். நம்ம ஆளிடம் பேசுகிற குரல் அது.

"வேண்டுதல்லாம் இல்லீங்கம்மா. அது எந்தத் தெருக்காரங்க வூட்டுல இருந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும். நமக்குன்னு ஒரு மொற இருக்குல்ல. அந்தத் தீட்டக் கழிக்காம வூட்டுல சேக்க முடியுங்களா? உங்களுக்குத் தெரியாததா?"

சுந்தராம்பாள் பேனாவை எடுத்தார். "கொஞ்சம் நிறுத்தி நிதானமாச் சொல்லுங்க. எழுதிக்கிறேன். மொட்டை எதுக்கு?"

தான் சொல்வதை ஒரு தலைவர் எழுதிக்கொள்கிறாரே என்று அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. முதலிலிருந்து, நிறுத்தி நிதானமாக, இன்னொரு தரம் சொன்னான். பக்கத்தில் இருந்த உறுப்பினர் ஒருவர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்யப்பிரியாவின் முகம் சிவந்துவிட்டது.

"நீங்க சொல்லுங்கம்மா" என்று சுந்தராம்பாள் வினோதினி பக்கம் திரும்பினார். "புள்ளைய பெரியப்பா வீட்டுக்கு அனுப்பலாமா?"

சரி என்று சொன்னால் இன்று ராத்திரி சுவாதி அவள் பக்கத்தில் படுத்திருப்பாள். மொட்டைத் தலையோடு. ஆவணி முடிந்ததும் எந்த ஊர் ஆஸ்டலோ, யாருக்குத் தெரியும். வேண்டாம் என்று சொன்னால், பெற்ற பிள்ளையை அடுத்தவள் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தவள் என்று ஊர் காறித் துப்பும். பின்கட்டும் போகும். அந்த ரிப்பன்தான் அவள் கண்ணுக்குள் நின்றது. கூடவே ஜோதியின் மேல் பொறாமையும் இருந்தது.

"இருக்கற எடத்துலயே இருக்கட்டுங்கம்மா" என்றாள்.

"என்னாது?" என்றான் ராஜராஜன்.

"மாமா வூடு வேணாங்க. நிச்சயம் முடிஞ்சதும் ஆஸ்டல்ல தள்ளி வுட்டுருவாங்க. கார்ல பேசுனத நா கேட்டேன். சம்பந்தி வூட்டுக்குக் காட்டத்தான் எம் பொண்ணு வேணும் இவங்களுக்கு. நா தனியா ஒரு வூடு பாத்துட்டு வந்து கூட்டிக்கறேன். அதுவரைக்கும் அவ..." நிறுத்தினாள். அந்தப் பெயரை வாயால் சொல்ல அவளுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. "ஜோதிகிட்டயே இருக்கட்டும்."

ராஜராஜன் எழுந்துவிட்டான். "அடியேய், நீயெல்லாம் ஒரு தாயா? கண்ட வூட்டுல புள்ளைய வுட்டுட்டுப் போறேங்கிற? இனிமே எங்க வூட்டு வாசப்படிய மிதிச்சுப் பாரு!"

"மிதிக்கக் கூடாதுங்கிறீங்க. அதையும் எழுதிக்கிறேன்" என்றார் சுந்தராம்பாள். "நீங்க போகலாம்."

குழுவின் முடிவு சுருக்கமாக வந்தது. அடுத்த ஆய்வுவரை சுவாதி ஜோதி வீட்டிலேயே இருப்பாள். தாய் வந்து பார்ப்பது தொடரும். தாய் தனி வீடு பார்த்துச் சொன்னால் அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டுப் பிள்ளையை ஒப்படைப்பது பற்றி யோசிப்பார்கள். பெரியப்பாவின் மனு தள்ளுபடி.

கார் கதவை அறைந்து சாத்திக்கொண்டு ராஜராஜன் போய்விட்டான். போகும்போதே மனைவிக்குப் போன். "அவ சாமான எல்லாம் எடுத்து வெளிய போடு." புது கவுனும் மஞ்சள்தூளும் பின் சீட்டிலேயே போயின. திருமழபாடியில் கத்தியோடு காத்திருந்தவர் வெறுங்கையோடு திரும்பியிருப்பார். ராஜராஜன் தன் தலையையாவது கொடுத்துவிட்டு வந்திருக்கலாம்.

*

வராந்தாவில் சுவாதி பையை மாட்டிக்கொண்டு தயாராக நின்றாள்.

"போறமாம்மா?"

பொய் சொல்வது எவ்வளவு சுலபம். அடுத்த வாரம் என்று சொல்லியிருக்கலாம். போன தடவை அப்படித்தான் சொன்னாள்.

"இன்னைக்கு இல்லடி."

"அப்ப எப்ப?"

"தெரியல. அம்மா வூடு பாக்கணும். பாக்க எவ்வளவு நாளாகும்னு தெரியல. ஆனா அடுத்து பாக்க வுடுற சனிக்கிழம கட்டாயம் வருவேன். அது மட்டும் நெசம்."

சுவாதி தரையைப் பார்த்தாள். அழவில்லை. "பெரியப்பா கத்துனது கேட்டுச்சு. ஒன்னைய வூட்டுக்கு வரக் கூடாதுன்னுட்டாரா?"

"ஆமா."

"அப்ப இந்த மேடத்துகிட்ட சொல்லேம்மா. என்னைய மாதிரி ஒனக்கும் ஒரு வூடு பாத்துக் குடுப்பாங்க. நல்ல வூடாக் குடுப்பாங்க."

சத்யப்பிரியா அவசரமாகக் கோப்பைத் திறந்து எதையோ தேடினாள். வினோதினி மகளின் தலையை வயிற்றோடு அழுத்திக்கொண்டாள். தேங்காயெண்ணெய் வாசனை வந்தது. வேறொருத்தி தேய்த்துவிட்ட எண்ணெய். ஜோதிக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். வாய் வரவில்லை.

சுவாதி பையைக் கழற்றி ஜோதியிடம் கொடுத்தாள்.

அவர்கள் போனபின் சத்யப்பிரியா கேட்டாள். "அக்கா, உங்களுக்குன்னு யாரு இருக்கா?"

"பெரம்பலூர்ல அக்கா இருக்கு. பேச்சுவார்த்த கெடையாது."

"ஏன்?"

"பெரம்பலூர் பஸ்ஸு எங்க நிக்குங்க மேடம்?" என்றாள் வினோதினி.

*

பெரம்பலூர் பஸ்ஸில் நிற்கத்தான் இடம் கிடைத்தது. காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் கூடக் குடிக்கவில்லை என்பது இறங்கும்போதுதான் ஞாபகம் வந்தது. முறிந்து சேர்ந்த கால் விண்விண் என்று தெறித்தது. ஊரை ஒட்டிய துறைமங்கலத்தில் இரண்டு இடத்தில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தாள். நல்ல வீடு. வாசலில் ஸ்கூட்டரும் கேட்டை ஒட்டி ஒரு கொய்யா மரமும் இருந்தன.

மணி அடித்ததும் கதவு திறந்தது. வெற்றிச்செல்வி. முன்நெற்றியில் நரை விழுந்திருந்தது. தங்கையை உச்சியிலிருந்து கால் வரை பார்த்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

"அக்கா" என்றாள் வினோதினி. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. "கொஞ்சம் தண்ணி குடேன்."

வெற்றிச்செல்வி உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் மொண்டு வந்தாள். நிலைப்படிக்கு உள்பக்கமாகவே நின்றுகொண்டாள்.

"நாங்க எந்தத் தெருன்னு தெரியும்ல?" என்று கேட்டாள்.

வினோதினி இரண்டு கையையும் நீட்டினாள். வெற்றிச்செல்வி செம்பை இன்னும் கொடுக்கவில்லை.